கைப்பும் ஒரு சுவையே

சுவை என்னும் சொல்லைத் தமிழர் நாவோடு நிறுத்தியவர் அல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை எடுத்துரைக்க, உரையாசிரியர்கள் அவற்றைச் சுவையோடு இணைத்து விளக்கம் தந்தனர். அவ்வெட்டனுள் உவகையும் உண்டு. அழுகையும் அச்சமும் உண்டு. உவகை ஒன்றுதான் இலக்கியம், அழுகை இலக்கியம் ஆகாது என்று எவரேனும் கூறினால் அவரை இலக்கியச் சுவைஞர் என நாம் ஏற்பதில்லை. உணவுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என அறுசுவை வகுத்த மரபு நம்முடையது. கைப்பையும் துவர்ப்பையும் குறைகள் என்று அம்மரபு தள்ளவில்லை. சுவைகள் என்றே எண்ணி வரிசையில் வைத்தது.

இம்மரபில் வந்த நாம் ஓர் உணவுப் பொருளில் மட்டும் ஐந்து சுவைகளை மறந்து ஒன்றையே பற்றிக்கொண்டிருக்கிறோம். அப்பொருள் சாக்லேட். பிறந்த நாளுக்குச் சாக்லேட், தேர்வில் வென்றால் சாக்லேட், திருமண வீட்டில் சாக்லேட். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருவோரின் பெட்டியைத் திறந்தால் அத்தருக்கும் பேரீச்சைக்கும் அருகில் சாக்லேட். அண்மைக் காலத்தில் பிஸ்தாவும் குனாஃபா இழையும் நிரப்பிய துபாய் சாக்லேட் நம் சிற்றூர்க் கடைகள் வரை வந்துவிட்டது. இத்துணைப் பரவிய ஒரு பொருளை நாம் தின்கிறோம். ஆனால் சுவைக்கிறோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சொல் தரும் மயக்கம்

நம் பேச்சு வழக்கில் காகிதம் சுற்றி விற்கப்படும் எதுவும் சாக்லேட்டே. புளிப்பு மிட்டாயும் சாக்லேட். பால் மிட்டாயும் சாக்லேட். கொக்கோ ஒரு துளியும் கலவாத பழச்சுவை உருண்டையும் சாக்லேட். கடையில் சில்லறை இல்லையென்றால் கையில் திணிக்கப்படுவதும் சாக்லேட் என்றே வழங்கப்படுகிறது. 'மிட்டாய்' என்ற பழைய பொதுச்சொல் இருந்த இடத்தில் 'சாக்லேட்' வந்து அமர்ந்துகொண்டது. இது வெறும் சொல் மாற்றம் அன்று. சொல்லில் வேறுபாடு மறைந்தால் கருத்திலும் மறையும். கருத்தில் மறைந்தால் நாவிலும் மறையும். எல்லாம் ஒரே பெயருடையவை என்றான பின் எல்லாவற்றிலும் ஒரே சுவையை, அதாவது சர்க்கரையை, நாம் தேடத் தொடங்கினோம்.

உண்மையில் சாக்லேட் என்பது கொக்கோ மரத்தின் விதையிலிருந்து செய்யப்படுவது. அம்மரத்துக்கு 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 'தியோபுரோமா' என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். தேவர் உணவு என்பது அதன் பொருள். அவ்விதையின் இயல்பான சுவை இனிப்பு அன்று. பச்சை விதையைக் கடித்தவர் அறிவர்: கடுங்கைப்பும் நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புமே அதன் இயல்பு.

இனிப்பு பின்னர் வந்த விருந்தாளி

வரலாற்றை நோக்குவோமாயின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தென் அமெரிக்காவில், இன்றைய எக்குவடோர் நாட்டில் கிடைத்த மட்பாண்டங்களில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட கொக்கோச் சுவடுகள் இருந்தன என்பதை ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடு அமெரிக்காவின் மாயர்களும் மெக்சிகோவின் அஸ்டெக்குகளும் கொக்கோவை அரைத்து, நீரில் கலந்து, நுரைக்க ஆற்றிப் பருகினர். மிளகாயும் நறுமணப் பூக்களும் அதில் சேர்ந்தன. கொக்கோ விதை அங்கே நாணயமாகவும் வழங்கிற்று. சர்க்கரை என்பதை அவர்கள் அறியார்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த பிறகே அப்பானத்தில் சர்க்கரை கலந்தது. நாம் அறிந்த கட்டிச் சாக்லேட்டோ மிகவும் இளையது. 1828இல் ஹாலந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொக்கோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் பொறிக்கு உரிமம் பெற்றனர். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃபிரை நிறுவனத்தார் கடித்துண்ணும் கட்டியை வார்த்தனர். 1875இல் சுவிட்சர்லாந்தின் தானியேல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879இல் அந்நாட்டு ரொதோல்ஃப் லின்ட், சாக்லேட்டை நெடுநேரம் அரைத்துப் பிசைந்து மென்மையாக்கும் முறையைக் கண்டார். ஆக, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இனிப்பு குடியேறி ஐந்நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. விருந்தாளி வீட்டுக்காரனை வெளியேற்றிய கதைதான் இது.

சுவை பிறக்கும் இடம்

சாக்லேட்டின் சுவை தொழிற்சாலையில் பிறக்கிறது என்பது பலர் எண்ணம். அது பிறக்கும் இடம் தோட்டம். கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை. அடிமரத்திலும் பருங்கிளையிலும் நேரே ஒட்டிக் காய்க்கும், நம் பலாவைப் போல. காயைப் பிளந்தால் இனிப்பும் புளிப்புமான வெண்சதை பொதிந்த விதைகள் இருக்கும். அவற்றைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடியோ மரப்பெட்டியில் இட்டோ ஐந்தாறு நாள் புளிக்க வைக்கின்றனர். மாவு புளித்தால்தான் இட்டலிக்குச் சுவை என்பதை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குவியலின் வெப்பம் 45 முதல் 50 பாகை வரை உயரும், முளை மடியும், கடுங்கைப்பு தணியும், மணத்துக்கான மூலப்பொருள்கள் விதைக்குள் உருவாகும். பின்னர் வெயிலில் உலர்த்தல், வறுத்தல், தோல் நீக்கல், அரைத்தல் ஆகியவை தொடரும்.

புளிக்க வைத்தலில் உழவர் பிழை செய்தால் உலகின் எந்த எந்திரத்தாலும் அதனைச் சரிசெய்ய இயலாது. குறையுடைய விதையின் சுவையை மறைக்க ஆலையிடம் உள்ள எளிய வழி, கருக வறுத்துச் சர்க்கரையை மிகுதியாகக் கொட்டுவதுதான். மிகை இனிப்பைக் கண்டால் அதன் பின்னே மறைக்கப்படுவது என்ன என்று ஐயுறுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

வகைகளும் அவற்றின் இலக்கணமும்

சாக்லேட்டில் வகை பல. கருஞ்சாக்லேட்டில் கொக்கோவும் சர்க்கரையும் முதன்மை. பால் சாக்லேட்டில் பால் திடப்பொருள் சேரும். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரையாகவே இருப்பதும் உண்டு. வெண்சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் உண்டு. கொக்கோத் தூள் இல்லை. ஆகவே அதற்கு நிறமும் இல்லை, கைப்பும் இல்லை. 2017இல் இளஞ்சிவப்பு நிறமுடைய 'ரூபி' வகை அறிமுகமாயிற்று.

நாட்டுக்கு நாடு பழக்கமும் வேறு. பெல்ஜியத்தார் உள்ளே பூரணம் வைத்த சிறு துண்டுகளைப் போற்றுவர். இத்தாலியின் தூரின் நகரத்தார் ஹேசல் கொட்டையை அரைத்துக் கலப்பர். அந்நாட்டின் சிசிலித் தீவில் மோதிக்கா என்னும் ஊர் உண்டு. அங்கே அதிகச் சூடு காட்டாமல் செய்வதால் சர்க்கரை கரையாது நிற்கும். கடித்தால் நறநறவென்று ஒலிக்கும். மெக்சிகோவில் இன்றும் அது பானமாகவே பெரிதும் விரும்பப்படுகிறது.

விளைந்த மண்ணும் சுவையை மாற்றும். மடகாஸ்கர் கொக்கோவில் பழப்புளிப்பு எழும். எக்குவடோரின் பழைய வகையில் பூமணம் வீசும். கானாவின் கொக்கோ நாம் பழகிய ஆழ்ந்த கொக்கோச் சுவையைத் தரும். ஒரே மரத்தின் விதை இத்தனை குரலில் பேசுகிறது எனில், அக்குரல்களையெல்லாம் சர்க்கரை ஒன்றால் அமுக்குவது முறையா?

இவ்விடத்து ஒன்றைத் தெளிவுறுத்த வேண்டும். கருஞ்சாக்லேட் உயர்ந்தது, பால் சாக்லேட் தாழ்ந்தது என்பது என் வாதம் அன்று. வெண்பாவுக்கு ஓர் இலக்கணம், ஆசிரியப்பாவுக்கு ஓர் இலக்கணம். நல்ல பால் சாக்லேட்டில் பாலின் கொழுமையும் கொக்கோவும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்க வேண்டும். நல்ல வெண்சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெயின் மென்மை தெரிய வேண்டும். 70 விழுக்காடு என்று பொறித்த எல்லாமே நல்லவை அல்ல. அவ்வெண் கொக்கோப் பொருளின் மொத்த அளவைச் சொல்லுமே அன்றித் தரத்தைச் சொல்லாது. வகையை அறிந்து, அவ்வகைக்குரிய நலனை அதனிடம் எதிர்பார்ப்பதே சுவைஞரின் கடமை.

சுவைக்கும் முறை

சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கண். நன்கு பதப்படுத்திய சாக்லேட் மெருகோடு மின்னும். மேலே வெண்பூச்சுப் படிந்திருந்தால் பூஞ்சை என்று பலரும் எறிந்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது வெப்பத்தால் கொழுப்போ, ஈரத்தால் சர்க்கரையோ மேலெழுந்து படிந்ததுதான். உண்பதால் தீங்கில்லை, மெருகும் மென்மையும் மட்டும் குறையும். அடுத்துச் செவி. ஒடித்தால் 'டக்' என ஒலிக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வகையே இம்மெருகையும் ஒலியையும் தருவது. அது உருகும் நிலை ஏறத்தாழ 34 பாகை. நம் உடல் வெப்பமோ 37 பாகை. கையில் திடமாக நின்று வாயில் உருகும் மாயம் இவ்விடைவெளியில்தான் அடங்கியுள்ளது.

பின்னர் மூக்கு. அதன்பின் நா. மெல்லாமல், விழுங்காமல், நாவின் மீது வைத்துத் தானே உருக விட வேண்டும். முதலில் இனிப்பு வரும். அடுத்துப் புளிப்போ பழமணமோ எழும். இறுதியில் கைப்பும் துவர்ப்பும் தங்கும். மூக்கை விரலால் மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயிலிட்டு, சற்றுக் கழித்து விரலை எடுத்துப் பாருங்கள். அதுவரை வெறும் இனிப்பாக இருந்தது சட்டென்று சாக்லேட்டாக மாறும். சுவையின் பெரும்பகுதி மணமே என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டா. ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் இடையே வெதுவெதுப்பான நீர் ஒரு வாய் பருகினால் நா தெளியும்.

நம் ஊர் வெயில் 34 பாகையை எளிதில் தாண்டுவது. ஆதலால் குளிர்பெட்டியில் வைப்பது தவிர்க்க இயலாதது. எனினும் காற்றுப்புகாச் செப்பில் இட்டு வைக்க வேண்டும். இல்லையேல் மீன் குழம்பின் மணமும் சேர்ந்தே வரும். கொழுப்புக்கு மணத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. உண்பதற்குச் சிறிது நேரம் முன்னரே வெளியே எடுத்துவிடுவது நன்று. குளிர்ந்த துண்டில் மணம் உறங்கும்.

உறையைப் படிப்போம்

நூலின் தலைப்பைப் பார்த்து நூலை மதிப்பிடாத நாம், உறையின் படத்தைப் பார்த்துச் சாக்லேட் வாங்குகிறோம். உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உட்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதலிடத்தில் சர்க்கரை, அடுத்துத் தாவரக் கொழுப்பு, எங்கோ கடைசியில் கொக்கோத் தூள் என்றிருந்தால், அது கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாக விலை குறைந்த கொழுப்பைக் கொண்டு வார்த்த 'காம்பவுண்டு' வகை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின்படி சாக்லேட் என்ற பெயரைத் தாங்கும் பொருளில் வேறு தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. பெயருக்கு ஒரு தகுதி வேண்டும் என்று அங்கே கருதுகின்றனர். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வது தமிழ்த்துறையினர்க்குப் புதிதன்று. அவ்வாராய்ச்சியைக் கடை வாயிலிலும் சிறிது நிகழ்த்தலாம்.

கைப்பின் மற்றொரு முகம்

சாக்லேட்டில் நாவால் அறிய முடியாத கைப்பும் ஒன்று உண்டு. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. அவ்விரு நாடுகளிலும் 2018-19 பருவத்தில் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் கொக்கோத் தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளராக இருந்தனர் என்று சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு நிறுவனமொன்று 2020இல் அறிவித்தது. வெட்டுக்கத்தியும் பூச்சிமருந்தும் கையாளும் வேலை அது. இக்கொடுமையை ஒழிப்போம் எனப் பெருநிறுவனங்கள் 2001ஆம் ஆண்டிலேயே உடன்படிக்கை செய்துகொண்டன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

2024 மார்ச் மாதத்தில் உலகச் சந்தையில் கொக்கோ விலை முதன்முறையாக டன் ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. பயிர் நோயும் மாறிய மழையும் விளைச்சலைக் குறைத்தமையே முதன்மைக் காரணம். அவ்வுயர்வு முழுமையாக உழவரைச் சென்றடையவில்லை. அவ்விரு நாடுகளிலும் உழவர் பெறும் விலையைப் பருவத் தொடக்கத்தில் அரசே அறுதியிடுவதால், சந்தை ஏறியபோது அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. எங்கோ ஒரு சிறுவன் பள்ளிக்குச் செல்லாது காய் பிளக்க, இங்கே நம் பிள்ளை தேர்வில் வென்றதற்குப் பரிசாக அதனை உண்கிறது. இதனை அறிந்த பின்னும் மலிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகுமா?

நம் மண்ணின் தொடர்பு

கொக்கோ நமக்கு முற்றிலும் அயலானது என்று ஒதுக்கவும் இயலாது. 1798ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவில் முதன்முதலாகக் கொக்கோவை நட்டது நம் குற்றாலத்தில்தான் என்பர். இன்று ஆந்திரம், கேரளம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராக அது வளர்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியின் தென்னந்தோப்புகளில் நிழலை நாடும் இம்மரம் நன்கு காய்க்கிறது. அப்பகுதியிலும் ஆரோவில், மைசூரு போன்ற இடங்களிலும் நம் நாட்டு விதையைக் கொண்டே விதை முதல் கட்டி வரை தாமே செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் தோன்றியுள்ளனர். எத்தோட்டத்து விதை என்பதை உறையிலேயே அச்சிடுவோரும் அவர்களுள் உளர். உழவர் பெயரும் ஊர்ப் பெயரும் தெரிந்து உண்பது சுவையைக் கூட்டும், பொறுப்பையும் கூட்டும்.

மறுப்புகளும் விடையும்

இது செல்வர்க்கான பேச்சு என்று சிலர் மறுக்கலாம். நல்ல சாக்லேட் விலை மிகுந்ததே. ஆனால் பத்து நாள் வாங்கும் பத்து மலிவுக் கட்டிகளுக்கு ஈடாக ஒரு நல்ல கட்டியை வாங்கி, பத்து நாள் ஒவ்வொரு துண்டாகச் சுவைக்கலாம். செலவில் வேறுபாடு சிறிது. சர்க்கரை உட்கொள்வதில் வேறுபாடு பெரிது. மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வற்புறுத்துவதும் அளவறிந்து உண்ணுதலையே. நீரிழிவு வீடுதோறும் நுழைந்துவிட்ட நம் நாட்டில் இது சிறிய ஆதாயம் அன்று.

அயல்நாட்டுப் பண்டத்துக்கு இத்துணை ஆராய்ச்சி ஏன் என்று வேறு சிலர் வினவலாம். மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மிளகாய் இன்றி நம் அடுக்களை இல்லை. வந்த பொருளை அறிந்து, ஆய்ந்து, நம் சுவைக்குரியதாக்கிக் கொண்டவர் நம் முன்னோர். சாக்லேட்டை மட்டும் ஆராயாமல் விழுங்குவானேன்?

கைப்பு நம் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பதும் ஒரு வாதம். பாகற்காயும் சுண்டை வற்றலும் வேப்பம்பூ இரசமும் உண்டு வளர்ந்த சமுதாயம் இதனைக் கூறலாமா? நெல்லிக்காயைக் கடித்துத் துவர்ப்பைப் பொறுத்து, பின்னர் நீர் பருகி இனிப்பைக் காணும் வித்தையை நம் குழந்தைகள் பள்ளி வாயிலிலேயே கற்றவர்கள். அப்பயிற்சியைச் சாக்லேட்டுக்கும் நீட்டித்தால் போதும்.

நிறைவாக

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த துறை விழாவில் கைநிறைய அள்ளி வீசும் மிட்டாய்க்கு மாற்றாக மூன்று வகைச் சாக்லேட் வாங்குங்கள். ஒன்று பால் சாக்லேட். ஒன்று அயல்நாட்டு விதையில் செய்த கருஞ்சாக்லேட். ஒன்று நம் ஆனைமலை விதையில் செய்தது. ஆளுக்கொரு சிறு துண்டு போதும். உருக விட்டு, உணர்ந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலேயர் துவர்ப்பைக் குறிக்க ஓர் எளிய வீட்டுச் சொல் இன்றி இடர்ப்படுகின்றனர். நமக்கோ துவர்ப்பு உண்டு, கைப்பு உண்டு, காறல் உண்டு, கமறல் உண்டு, நெடி உண்டு, மணம் உண்டு. உலகின் சாக்லேட் சுவைஞர்களுக்கு இல்லாத சொற்செல்வம் நம்மிடம் பயன்படாமல் கிடக்கிறது.

சொல்லைப் பயன்படுத்தினால் நா விழிக்கும். நா விழித்தால் போலி எது, மெய் எது என்பது தெரியும். மெய்யைத் தேடி வாங்குவோர் பெருகினால், நல்ல விதையைப் பொறுமையோடு புளிக்க வைத்து உலர்த்தும் உழவர்க்கும் உரிய விலை கிட்ட வழி பிறக்கும். இனிப்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறந்த குழந்தையும் அதனை அறியும். கைப்பையோ கற்றுத்தான் அறிய வேண்டும். கற்க வேண்டியவற்றைக் கற்பதற்காகவே கல்லூரிக்கு வந்துள்ளோம். இதனையும் கற்போமாக.